பழைய சிற்றிதழ் ஒன்றைத் திஸ்கியிலிருந்து மீட்ட பதிவு

1999 முதல் 2004 வரை இணையத்தில் வெளிவந்த ஒரு சிற்றிதழின் கோப்புறை கைக்கு வந்தது. சிறுகதை, கவிதை, நூல் மதிப்புரை, வாசகர் கடிதம் என்று சில நூறு பக்கங்கள். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்தும் எழுதியிருக்கிறார்கள். அதில் வந்த பல கதைகள் வேறெங்கும் அச்சேறவில்லை. இன்றைய குரோமிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ திறந்தால் ஒரு சொல்லைக்கூடப் படிக்க முடியாது. முக்கால் பின்னக் குறி, சென்ட் குறி, தலையில் கோடு வைத்த ரோமன் எழுத்துகள், இவைதான் வரிசையாக நிற்கின்றன.

கோப்புகள் கெட்டுப்போகவில்லை. அன்று தட்டச்சு செய்த பைட்டுகள், அதாவது 0 முதல் 255 வரையிலான எண்கள், அப்படியே இருக்கின்றன. அந்தப் பைட்டுகளைத் தமிழாகக் காட்டிய எழுத்துருக்கள்தான் இப்போது பெரும்பாலான கணினிகளில் இல்லை. 'க' என்ற எழுத்து கோப்பில் இல்லை, எழுத்துருவின் ஒரு கட்டத்தில் இருந்தது. இந்த வேலை முழுவதையும் அந்த எழுத்துகளை எழுத்துருவிலிருந்து எடுத்துக் கோப்புக்குள் வைக்கும் வேலை என்றே நான் புரிந்துகொண்டேன். அதனால் முதலில் குறிமுறை (எந்த எண் எந்த எழுத்து என்ற ஒப்பந்தம்), கடைசியில் எழுத்துரு என்று வரிசை வைத்துக்கொண்டேன். ஒரு பக்கம் எந்த அழகான எழுத்துருவும் இல்லாமல், கணினியில் இருப்பதை வைத்தே சரியாகப் படிக்க வரும்வரை அழகைத் தொடுவதில்லை என்பது அந்த வரிசையின் பொருள்.

எந்தப் பக்கம் எந்தக் குறிமுறை

கோப்புறை முழுவதும் ஒரே குறிமுறையில் இருந்திருந்தால் ஒரு கட்டளையில் வேலை முடிந்திருக்கும். அப்படி இல்லை. இதழை நடத்தியவர்கள் பெரும்பாலும் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறிமுறையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு டாப், டாம் என்ற இரு குறிமுறைகள் வந்தன. சில பக்கங்கள் டாபில் இருந்தன. இலங்கை எழுத்தாளர்கள் அனுப்பியவை பல இடங்களில் பாமினி என்ற எழுத்துருவின் குறிமுறையில் அப்படியே ஒட்டப்பட்டிருந்தன. 2003க்குப் பிறகு, எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோட் பக்கங்களும் தலைகாட்டுகின்றன.

பிரித்தறியக் கண்ணே போதும். வட்டத்துக்குள் ஆர் எழுத்து போட்ட பதிவு வணிகக் குறி வரிக்கு வரி திரும்பத் திரும்ப வந்தால் அது யூனிகோட் பக்கம்தான். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டு. முதல் பைட்டு எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. உலாவி அதை மேற்கத்திய குறிமுறை என்று நினைத்துப் படித்தால் 174 அந்த வணிகக் குறியாகிவிடும். இங்கே எதையும் மாற்ற வேண்டியதில்லை, பக்கத்தின் குறிமுறை அறிவிப்பு என்ற பெயர்ப்பலகையைத் திருத்தினால் போதும்.

முக்கால் பின்னமும் சென்ட் குறியும் கலந்து வந்தால் திஸ்கி. திஸ்கியில் 'தமிழ்' என்பது 190, 193, 162, 250 என்ற நான்கு பைட்டு. 190 முக்கால் பின்னம், 162 சென்ட் குறி. 'ழ்' என்பதற்குத் தனியாக ஓர் இடம் இருக்கிறது, அதுதான் 250. புள்ளி வைத்த மெய் பதினெட்டுக்கும் இப்படித் தனித்தனி இடம் உண்டு.

வெறும் ஆங்கிலத் தட்டச்சு எழுத்துகளும் நடுநடுவே அரைப்புள்ளியுமாக இருந்தால் பாமினி. அதில் 'தமிழ்' என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து விசைகள். பாமினி 128க்குக் கீழுள்ள இடங்களை நம்பியதால் பைட்டுகள் எந்த மென்பொருள் வழியாகச் சென்றாலும் பெரும்பாலும் தப்பின. ஆனால் ஓர் இடையூறு: அதே பத்தியில் உண்மையான ஆங்கிலச் சொல் வந்தால் எது தமிழ், எது ஆங்கிலம் என்று சொல்ல, இந்தப் பகுதிக்கு இந்த எழுத்துரு என்று பக்கத்தின் மூலத்தில் குறிக்கும் எழுத்துரு ஒட்டைத் தவிர வேறு அடையாளமே கிடையாது.

அந்த எழுத்துரு ஒட்டு இன்று யாரும் பயன்படுத்தாத பழைய எச்டிஎம்எல் வழக்கம். நடை சார்ந்த எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுத் தொடங்கலாம் என்று யாருக்கும் தோன்றும். இந்தப் பக்கங்களில் அதைச் செய்யவே கூடாது. ஒவ்வொரு ஒட்டிலும் உள்ள எழுத்துருப் பெயர்தான் அந்தப் பகுதியின் குறிமுறையைச் சொல்லும் உறுதியான சான்று. டிஎஸ்சி என்று தொடங்கும் பெயர் திஸ்கி, டாப் என்று தொடங்குவது டாப், பாமினி பாமினியேதான். சான்றை வாசித்துப் பயன்படுத்திய பிறகே ஒட்டுகளை நீக்கினேன்.

உலாவிகள் கைவிட்ட வழி

அந்தப் பக்கங்கள் தங்களை எப்படி அறிவித்துக்கொண்டன என்பதும் பார்க்கத் தக்கது. பாதிப் பக்கங்களின் மெட்டா வரியில், அதாவது பக்கம் தன் குறிமுறையை அறிவிக்கும் வரியில், ஐஎஸ்ஓ-8859-1 என்ற மேற்கத்திய குறிமுறையின் பெயர் இருந்தது. மீதிப் பாதியில் எக்ஸ்-யூசர்-டிஃபைன்ட், அதாவது பயனர் வரையறுத்தது. நெட்ஸ்கேப் காலத்தில் வாசகர் விருப்பத்தேர்வுகளுக்குள் போய், பயனர் வரையறுத்த குறிமுறைக்கு ஒரு திஸ்கி எழுத்துருவைப் பொருத்திவைப்பார். அப்புறம் எல்லாத் திஸ்கித் தளமும் அவருக்குப் படிக்க வரும். பல தளங்களின் முகப்பில் 'எழுத்துருவைத் தரவிறக்க இங்கே' என்று ஓர் இணைப்பு இருந்ததை அக்கால வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

தரவிறக்கச் சொல்லாமல் காட்டவும் ஒரு வழி இருந்தது: பக்கத்தோடு தானே இறங்கும் இயங்கு எழுத்துரு. நெட்ஸ்கேப் 4 பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் பிஎஃப்ஆர் கோப்பை ஏற்றது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஈஓடி கோப்பை ஏற்றது. ஒன்றின் கோப்பு மற்றதற்குப் புரியாது. ஆகவே இரண்டையும் பக்கங்களை அனுப்பும் கணினியான வழங்கியில் வைத்திருந்தார்கள், கோப்புறையில் இன்னும் இருக்கின்றன. அடுத்த தலைமுறை நெட்ஸ்கேப்பிலேயே பிஎஃப்ஆர் போய்விட்டது. ஈஓடி எக்ஸ்ப்ளோரரைத் தாண்டவே இல்லை. எல்லா உலாவிக்கும் பொதுவான வாஃப் வடிவம், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியின் பரிந்துரையானது 2012இல். அதற்குள் இந்த இதழ் நின்று பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

இன்று உலாவிகள் ஏற்கவேண்டிய குறிமுறைகளுக்கு ஒரு பொதுப் பட்டியல் இருக்கிறது. அதில் திஸ்கி இல்லை. 2007இல் குறிமுறைப் பெயர்களைப் பதியும் ஐஏஎன்ஏ பதிவேட்டில் திஸ்கி இடம்பெற்றது உண்மைதான், ஆனால் இன்றைய பெரிய உலாவிகள் எதுவும் அதைக் கற்றுக்கொள்ளவில்லை. ஐஎஸ்ஓ-8859-1 என்று எழுதினால் அதை அதன் நெருங்கிய உறவான விண்டோஸ்-1252 ஆகவே எல்லா உலாவியும் எடுத்துக்கொள்கின்றன. பயனர் வரையறுத்த குறிமுறை இன்னும் பட்டியலில் உண்டு. ஆனால் 128க்கு மேற்பட்ட பைட்டுகளை அது யூனிகோடின் தனிப்பயன் பகுதிக்குத் தள்ளிவிடுகிறது. பழைய எழுத்துருவில் அந்த எண்களே இல்லை. தேடிப்பிடித்துத் திஸ்கி எழுத்துருவை நிறுவினாலும் கட்டங்கள்தான் வரும். குரோம், குறிமுறையைக் கையால் மாற்றும் பட்டியலையே எடுத்துவிட்டது. பழைய எழுத்துருவை வலை எழுத்துருவாக மாற்றி ஏற்றிவிட்டால் பக்கம் படிக்க வருமே என்று ஒருவர் கேட்டார். கண்ணுக்கு வரும். தேடுபொறிக்கு வராது, பார்வையற்றோருக்குப் படித்துக்காட்டும் திரைவாசிப்பானுக்கு வராது, ஒரு வரியை நகலெடுத்து நண்பருக்கு அனுப்பினால் மறுபடி முக்கால் பின்னம்தான் போய்ச் சேரும். அது மீட்பு ஆகாது.

மாற்றிய வரிசை

முதலில் எல்லாக் கோப்புகளையும் தொடாமல் ஒரு நகல். அதன் பிறகு, பைட்டு நிலையில் ஒரு துப்புரவு. அக்காலப் பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் சில, 128க்கு மேற்பட்ட பைட்டுகளை எச்டிஎம்எல் பெயர்களாக மாற்றிச் சேமித்திருந்தன. 'த' இருந்த இடத்தில் முக்கால் பின்னத்துக்கான பெயர், 'ி' இருந்த இடத்தில் சென்ட் என்று ஆங்கிலச் சொல்லாகவே இருக்கும். அவற்றைத் திரும்பப் பைட்டாக்க வேண்டும். ஆனால் 'அண்ட்' குறியான அம்பர்சாண்டுக்கும் கோணக் குறிகளுக்குமான பெயர்களை இந்தக் கட்டத்தில் தொடக்கூடாது, அவை பக்கத்தின் கட்டுமானம்.

யாரோ இடைக்காலத்தில் உலாவியில் திறந்து 'இப்படியே சேமி' கொடுத்த கோப்புகளும் இருந்தன. அவை திஸ்கிப் பைட்டுகளை விண்டோஸ்-1252 எழுத்துகளாகப் படித்து, அந்த எழுத்துகளை யூடிஎஃப்-8இல் எழுதியவை. பார்த்தால் யூனிகோட் கோப்பு, உள்ளே இருப்பது முக்கால் பின்னம். பைதான் நிரல்மொழியில் யூடிஎஃப்-8ஆகப் படித்து, விண்டோஸ்-1252ஆகத் திருப்பி எழுதினால் பழைய திஸ்கிப் பைட்டுகள் கிடைத்துவிடும். ஒரு நுணுக்கம்: 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்களும் விண்டோஸ்-1252இல் காலி. உலாவிகள் அவற்றைக் கட்டுப்பாட்டு எழுத்துகளாக வைத்துக்கொள்ளும், பைதானோ பிழை சொல்லி நின்றுவிடும். அந்த ஐந்துக்கும் தனியாக ஒரு விதி எழுதிச் சேர்த்தேன்.

இனித் திஸ்கியிலிருந்து யூனிகோட். பலருக்குத் தெரியாத செய்தி, குறிமுறைகளை மாற்றும் லினக்ஸின் ஐகான்வ் கட்டளைக்குத் திஸ்கி தெரியும். குனு சி நூலகத்தோடு வரும் மாற்றி அது. இதில் எண்ணுக்கு எண் மாற்றுவது மட்டும் போதாது, ஏனென்றால் திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுதுகிறது. 'கொ' அங்கே ஒற்றைக்கொம்பு, க, கால் என்று 166, 184, 161. யூனிகோட் ஒலிக்கும் வரிசையில் எழுதுகிறது: க, பிறகு ஒகரக் குறி. 2965, 3018, அவ்வளவுதான். கொம்பைப் பார்த்ததும் அடுத்த எழுத்துக்காகக் காத்திருந்து, அதற்கும் அடுத்து கால் வருகிறதா என்று பார்த்த பிறகே மாற்றி வாய் திறக்க வேண்டும். ஐகான்வ் இதைச் சரியாகச் செய்கிறது. ரோமன் எழுத்துகளை அது தொடாது என்பதால் ஒட்டுகளோடு சேர்த்துக் கோப்பை முழுதாகவே கொடுக்கலாம். பாமினிப் பகுதிகளும் அப்படியே தப்பி மறுகரை சேரும்.

டாப் பக்கங்களுக்கு ஓப்பன்-தமிழ் என்ற பைதான் நூலகத்தைப் பயன்படுத்தினேன். அதன் மாற்றிப் பட்டியலைப் பார்த்தால் அந்தக் காலமே கண்முன் வரும். ஒவ்வொரு நாளிதழுக்கும் வார இதழுக்கும் என்று தனித்தனிக் குறிமுறை, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்றி. அதைப் பொறுமையாக எழுதிச் சேர்த்தவர்களுக்குத் தமிழிணையம் பெரிய கடன்பட்டிருக்கிறது.

பாமினிக்கும் அதிலேயே மாற்றி இருக்கிறது. ஆனால் வரிசை முக்கியம். பாமினியில் இடப்பக்கக் கோணக் குறிதான் 'ஈ', வலப்பக்கக் கோணக் குறிதான் காற்புள்ளி, ஆங்கிலக் காற்புள்ளி 'இ'. எச்டிஎம்எல்லில் கோணக் குறி என்றால் ஒட்டு. ஆகவே முதலில் ஒரு முறையான எச்டிஎம்எல் பகுப்பான் கொண்டு பக்கத்தைக் கிளைகளாகப் பிரித்து, பாமினி எழுத்துரு ஒட்டுக்குள் இருக்கும் உரையை மட்டும் எடுத்து, அம்பர்சாண்ட் பெயர்களை அவிழ்த்து, அதன் பிறகு மாற்றிக்குக் கொடுக்க வேண்டும். தேடி மாற்றும் கோவைகளால் இதைச் செய்ய முனைந்தால் ஈழத்தைப் பற்றிய கட்டுரைகளில் 'ஈ' எல்லாம் ஒட்டோடு ஒட்டாகக் காணாமல் போகும். 'ஈ' இல்லாமல் அந்தச் சொல்லை நினைத்துப் பாருங்கள்.

கடைசியாக, எல்லா உரையையும் என்எஃப்சி என்ற யூனிகோடின் சீர்வடிவத்துக்குக் கொண்டுவந்தேன். ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக இருந்தால் அது ஒரே ஒகரக் குறியாகச் சேரும். இரண்டும் திரையில் ஒன்றுபோலத்தான் தெரியும், தேடும்போதுதான் வேறுபாடு தெரியும்.

காணாமல் போன இகரம்

மாற்றிய பக்கங்களைப் படிக்கத் தொடங்கியதும் சில பக்கங்களில் 'ந்த ஊரில்', 'ல்லை என்றான்', 'ங்கே வா' என்று சொற்கள் தலையில்லாமல் வந்தன. 'இ' மட்டும் போயிருந்தது, அதுவும் சில பக்கங்களில் மட்டும்.

திஸ்கியில் 'இ' முதலில் 173ஆம் இடத்தில் இருந்தது. மேற்கத்திய குறிமுறையில் 173 என்பது மென் இடைக்கோடு. வரி உடையும் இடத்தில் மட்டும் தெரியவேண்டிய, மற்றபடி காட்டக்கூடாத எழுத்து. சில உலாவிகள் அதைக் காட்ட மறுத்தன, சில பதிப்பிகள் சேமிக்கும்போதே களைந்துவிட்டன. திஸ்கி 1.7 இதற்காகவே 'இ'யை 254க்கும் கொண்டுபோனது. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து, இடையில் ஏதோ ஒரு மென்பொருள் வழியாகப் போன பக்கங்களில் பைட்டே இல்லை. இல்லாத பைட்டை எந்த மாற்றியாலும் மீட்க முடியாது.

இங்கே பள்ளியில் படித்த இலக்கணம் கைகொடுத்தது. தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. ஆகவே புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கும் சொல்லையெல்லாம் பட்டியலிடச் சொன்னேன். ந்த, ந்தியா, ல்லை, ல்லாமல், ன்று, ன்னும், ப்படி... ஆனால் 'ரண்டு' போன்றவை மெய்யில் தொடங்காததால் இந்த வலையில் சிக்காது. அவற்றுக்கு இகரத்தில் தொடங்கும் சாதாரணச் சொற்களின் பட்டியல் ஒன்று தேவைப்பட்டது: இரண்டு, இருந்தது, இவன், இது, இதழ். 'ருந்தது' என்றொரு சொல் கிடையாது என்பதால் அங்கே ஐயமில்லை. 'வன்', 'து' போன்றவற்றை வரியைப் படித்தே முடிவு செய்தேன். எதிர்த்திசையில் 'ப்ளேட்டோ', 'ஸ்டாலின்', 'க்யூபா' போன்ற பெயர்கள் மெய்யிலேயே தொடங்கும், அவற்றை விலக்குப் பட்டியலில் போட்டேன்.

இதே முறையில் மேலும் சில விதிகள்: சொல்லின் தொடக்கத்தில் உயிர்க்குறி வரக்கூடாது. உயிரெழுத்தின்மேல் உயிர்க்குறி ஏறக்கூடாது. இரண்டு குறிகள் அடுத்தடுத்து நிற்கக்கூடாது. இவற்றை மீறும் இடமெல்லாம் மாற்றத்தில் ஏதோ நழுவிய இடம். இயந்திரத்தால் செய்த வேலையைச் சரிபார்க்க இதைவிடக் கூர்மையான கருவி எனக்குக் கிடைக்கவில்லை.

ஔகாரமும் ளகரமும்

அதிக நேரம் எடுத்தது இதுதான். ஔகாரத்தின் வலப்பக்கக் குறியும் 'ள'வும் பார்வைக்கு ஒன்றே. திஸ்கியில் குறிக்குத் தனி இடம் 170, 'ள'வுக்கு 199. ஆனால் தட்டச்சு செய்தவர்கள் பலர் ஒற்றைக்கொம்பு போட்டு, எழுத்துப் போட்டு, 'ள' போட்டுவிட்டார்கள். திரையில் கௌரவம் என்றே தெரிந்தது, கோப்பில் கெ-ள-ர-வ-ம். இன்று யூனிகோடில் தட்டச்சு செய்பவர்களிடமும் இந்தப் பழக்கம் உண்டு. தேடினால் அந்தப் பக்கம் அகப்படாது, திரைவாசிப்பான் 'கெளரவம்' என்றே வாசிக்கும்.

குறியில்லாத வெற்று 'ள' எகரத்தைத் தொடர்ந்து வந்தால் ஔகாரமாக மாற்று என்று ஒரு விதி எழுதலாம். 'தெளிவு', 'வெள்ளம்', 'வெளுப்பு' எல்லாம் தப்பிவிடும், ஏனெனில் அங்கே 'ள'மேல் குறியோ புள்ளியோ இருக்கிறது. 'மௌனம்', 'சௌகரியம்', 'பௌர்ணமி', 'கௌதமன்' சரியாகும். காகிதத்தில் அழகான விதி. ஆனால் இது கதைகள் நிறைந்த இதழ். 'வெளயாடப் போனான்', 'கெளம்பிட்டாங்க', 'வெளக்கு ஏத்து' என்று மனிதர்கள் பேசுகிறார்கள். அந்த விதி ஓடினால் 'கௌம்பிட்டாங்க' ஆகிவிடும். வட்டார வழக்கைக் காதால் கேட்டு எழுதியவர்களின் வரியை ஒரு நிரல் திருத்துவதை ஏற்க முடியவில்லை. ஆகவே தானியங்கி மாற்றத்தைக் கைவிட்டு, ஔகாரச் சொற்களின் பட்டியல் ஒன்றை வைத்து, அதில் உள்ள சொற்களை மட்டும் மாற்றினேன். பட்டியலில் இல்லாதவற்றைக் கண்ணால் பார்த்தேன். இந்தத் தேர்வில் எனக்கு ஐயமே இல்லை: ஐயத்துக்கிடமான இடத்தில் ஆசிரியர் அடித்ததே நிற்கட்டும்.

'ஸ்ரீ'யிலும் ஒரு சிக்கல். இதை ஸ் என்று தொடங்கியும் எழுதலாம், 2005இல் யூனிகோட் 4.1இல் சேர்ந்த ஶ என்ற எழுத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம். என்எஃப்சி இவற்றை ஒன்றாக்காது. பழைய உரையில் எல்லாம் ஸ் வகை என்பதால் தளம் முழுவதும் அதையே வைத்து, தேடல் பெட்டியில் மட்டும் இரண்டையும் சமமாக எடுத்துக்கொள்ளச் செய்தேன்.

வழங்கியின் அறிவிப்பு

மாற்றிய பக்கங்களை ஏற்றியதும் பதிவு வணிகக் குறிகள் வரிசையாக வந்தன. கோப்பு சரி, மெட்டா வரியும் யூடிஎஃப்-8 என்றே சொல்கிறது. ஆனால் வழங்கி பக்கத்தோடு அனுப்பும் தலைப்புத் தகவலில் ஐஎஸ்ஓ-8859-1 என்று இருந்தது. இரண்டும் முரண்பட்டால் உலாவி வழங்கியின் சொல்லையே கேட்கும். கோப்பின் தொடக்கத்தில் பைட்டு வரிசைக் குறி இருந்தால் மட்டும் அது இரண்டையும் வெல்லும். அப்பாச்சி என்ற வழங்கி மென்பொருளின் அமைப்புக் கோப்பில் இயல்பு எழுத்துத்தொகுதி வரியை யூடிஎஃப்-8 ஆக்கியதும் எல்லா உலாவியிலும் தமிழ் வந்தது. மெட்டா வரியையும் விட்டுவிடவில்லை. பக்கத்தைச் சேமித்து இணையமில்லாமல் திறப்பவருக்கு வழங்கித் தலைப்பு கிடைக்காது. அந்த வரி கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும். தலைப்பு ஒட்டுக்கும் முன்னால், முதல் வரியாக வைத்தேன்.

ஒரு பைட்டு மூன்றானதால் கோப்புகள் பெருத்தன. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒரே 224 திரும்பத் திரும்ப வருவதால் ஜிசிப் என்ற சுருக்குமுறை நன்றாகவே சுருக்கிவிடுகிறது.

எழுத்துரு

இங்கே வந்தபோது வேலை இலகுவாகிவிட்டது, ஏனெனில் எந்த எழுத்துருவும் இல்லாமலே பக்கம் படிக்க வந்தது. விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ, அதற்கு முன் விண்டோஸ் 2000 முதல் லதா, ஐபோனில் தமிழ் சங்கம் எம்என், ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ், பல லினக்ஸ் கணினிகளில் லோகித் தமிழ் என்று எல்லாக் கருவியிலும் ஏதோ ஒன்று இருக்கிறது. ஆண்ட்ராய்டு 2 காலத்தில் இது கனவு. ஓப்பரா மினியின் மறைவான அமைப்புப் பக்கத்துக்குப் போய், சிக்கலான எழுத்துகளுக்குப் படவடிவ எழுத்துரு என்ற தேர்வை இயக்கித்தான் கைப்பேசியில் தமிழ் படித்தோம்.

இலக்கிய இதழ், நீண்ட வாசிப்பு. உடல் உரைக்கு நோட்டோ செரிஃப் தமிழைத் தேர்ந்தேன். கட்டற்ற உரிமம், பல தடிமன்கள், கோட்டின் தடிப்பும் மெலிவும் அச்சுப் புத்தகத்தை ஒத்திருக்கின்றன. தலைப்புகளுக்கு முக்த மலரையும் கட்டமரனையும் வைத்துப் பார்த்தேன். கட்டமரன் திடமான தலைப்பில் நன்றாக நிற்கிறது, பத்தியில் வைத்தால் எனக்குக் கண் களைக்கிறது. முக்த மலரை வைத்துக்கொண்டேன்.

தேர்வதற்குமுன் எல்லா எழுத்துருவையும் ஒரே சோதனை வரியில் பார்த்தேன்: ஞூ, ணூ, றூ, டி, டீ, லீ, ஜூ, ஹூ, க்ஷ, ஸ்ரீ, மௌ, ஃப், ௧௨௩, ௦. தமிழ் எண்கள் பழைய எழுத்துருக்கள் சிலவற்றில் இல்லை. சுழியம் யூனிகோடுக்கு 2005இல்தான் வந்தது. இந்த இதழில் கவிதைகளுக்குத் தமிழ் எண் போட்டிருப்பதால் எனக்கு அது அவசியம்.

எழுத்துரு அறிவிப்பில் யூனிகோட் எல்லையைக் குறிப்பிட்டுவிட்டேன், தமிழ் எழுத்துக்கு மட்டும் இந்த எழுத்துரு, ரோமனுக்கு வேறு. எல்லையில் தமிழ்ப் பகுதியோடு ரூபாய்க் குறி, புள்ளி வட்டம், அகலமில்லா இணைப்பான், பிரிப்பான் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் 'க்ஷ'வைப் பிரித்தெழுதிய இடத்தில் ஒரே எழுத்துக்கு இரண்டு எழுத்துருக்கள் மோத இடமுண்டு. கோப்பைச் சிறிதாக்க எழுத்துருவைச் செதுக்குபவர்கள் ஓப்பன்டைப் விதிகளையும் சேர்த்துச் செதுக்கிவிடக் கூடாது. 'கு', 'டி' போன்ற வடிவங்கள் யூனிகோடில் தனி எண் உள்ளவை அல்ல, எழுத்துருவின் விதிகள்தான் அவற்றை வரவழைக்கின்றன. அவை போனால் க பக்கத்தில் உகரக் குறி சேராமல் தனியே நிற்கும்.

தடித்த எழுத்து, சாய்வெழுத்து விஷயத்தில் உலாவிகளை நம்ப வேண்டாம். தடிமன் கோப்பு இல்லையென்றால் அவையாகவே கோட்டைப் பருக்கவைக்கும். 'ண', 'ஞ' ஆகியவற்றின் உட்கண்கள் அடைபட்டுவிடும். சாய்வும் அப்படியே, எழுத்தை அப்படியே தள்ளிவிடும். செயற்கைத் தடிமனையும் சாய்வையும், பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் தடுத்துவிட்டு, உண்மையான தடிமன் கோப்பைத் தனியே கொடுத்தேன். பழைய பக்கங்களில் கவிதையெல்லாம் சாய்வெழுத்தில் இருந்தது. அதை எடுத்துவிட்டு இடப்பக்கம் உள்தள்ளினேன்.

வரி உயரம் 1.7. மேலே புள்ளியும் சுழியும், கீழே உகர ஊகார வாலும் இருக்கும் எழுத்துக்கு ஆங்கிலப் பக்கத்தின் 1.4 போதாது. இருபக்கச் சீர் வேண்டாம் என்று முடிவு செய்தேன். தமிழ்ச் சொற்கள் நீளம், கைப்பேசித் திரையில் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் பிடிக்கும். சீர்படுத்தினால் இடையில் பெரிய பெரிய ஓட்டைகள். நீண்ட கூட்டுச்சொல் திரையைத் தாண்டாமல் உடைய அனுமதித்தேன். மொழிப் பண்பில் 'தமிழ்' என்று குறிப்பது சிறிய வேலை, அதை விடாதீர்கள். திரைவாசிப்பான் எந்தக் குரலை எடுப்பது என்று அதைப் பார்த்தே முடிவு செய்கிறது.

சோதித்துப் பார்த்ததில் ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஐபோன் சஃபாரி மூன்றிலும் எழுத்துச் சேர்க்கை ஒன்றே. விண்டோஸ் 7இல் நின்றுபோன குரோம் 109லும் சரியாக வருகிறது. இந்தப் பழைய பதிப்பைச் சோதிக்க வேண்டுமா என்றால் வேண்டும், சில பழைய கணினிகளில் இன்னும் அது ஓடக்கூடும்.

அகர வரிசை

எழுத்தாளர் அட்டவணையை எண் வரிசையில் அடுக்கினால் 'ன' 'ந'வுக்கு அடுத்து வந்து நிற்கும், 'ற' 'ர'வோடு ஒட்டிக்கொள்ளும், 'ஜ' நடுவில் நுழையும். யூனிகோடில் தமிழுக்கு இடம் ஒதுக்கியபோது மற்ற இந்திய மொழிகளின் வரிசையைப் பின்பற்றியதன் விளைவு அது. உலாவியின் ஜாவாஸ்கிரிப்டிலேயே மொழிக்கேற்ப ஒப்பிடும் வசதி இருக்கிறது. 'தமிழ்' என்று சொன்னால் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்ற நம் வரிசையே வருகிறது, கிரந்தம் கடைசியில்.

இப்போது தளம் படிக்க வருகிறது. மீதமிருப்பவை தலைப்புகளைப் படமாகப் போட்ட பக்கங்கள். எழுத்துரு தெரியாதவருக்கும் தலைப்பாவது தெரியட்டும் என்று அன்று ஜிஃப் படமாக வைத்திருக்கிறார்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். ஆரம்பத்தில் எடுத்துவைத்த நகலையும் மூலக் கோப்புகள் என்ற பெயரில் தளத்திலேயே ஏற்றிவிட்டேன், பாமினி, திஸ்கி, டாப் பகுதிகளின் பட்டியலோடு. என் ஔகாரப் பட்டியலில் விடுபட்ட சொல்லை யாரேனும் கண்டால், மூலப் பைட்டைப் பார்த்தே அவர்கள் தீர்மானிக்கலாம்.